கேட்டதும் சொன்னதும்: நாலு வருஷம்கூட தாங்காத வார்சா மாவட்டம்

கேள்வி (வாசகர், கும்பகோணம்): போலந்து தலைநகர் பேர்லயே வார்சா மாவட்டம்னு ஒண்ணு இருந்து 2002ல கலைச்சிட்டாங்களாமே, தலைநகர் மாவட்டத்தையே யாராச்சும் கலைப்பாங்களா சார்?

பதில்: கலைச்சாங்க, அதுவும் நல்லதுக்குத்தான். முதல்ல பின்கதை. 1975ல கம்யூனிஸ்ட் அரசு மாவட்டங்களை மொத்தமா தூக்கிட்டு 49 மாகாணமா நாட்டைக் கூறு போட்டுச்சு, பெரிய பெரிய மாகாணங்கள்ல உக்காந்திருந்த கட்சித் தலைவருங்க கொட்டத்தை அடக்கத்தான்னு சொல்லுவாங்க. 1999 ஜனவரி 1ல மாகாணத்தை 16ஆ குறைச்சு மாவட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தாங்க. க்ராக்கோவ், வ்ரோத்ஸ்வாவ் மாதிரி பெரிய நகரங்களுக்கு ஒரு வசதி, நகராட்சியே மாவட்ட வேலையையும் சேர்த்துப் பாத்துக்கும். வார்சாவுக்கு மட்டும் அது முடியல, ஏன்னா 1994 சட்டப்படி வார்சா ஒரே நகராட்சியே கிடையாது, 11 தனித்தனி நகராட்சிங்க சேர்ந்த கூட்டமைப்பு. அதனால அதே நிலப்பரப்பு மேலேயே தனியா ஒரு மாவட்டத்தையும் தூக்கி வச்சாங்க!

கூத்தைப் பாருங்க. நடுவுல சென்ட்ரும்னு ஒரு பெரிய நகராட்சி, ஊர் ஜனத்துல பாதிக்கு மேல அதுக்குள்ளதான், அதுக்குள்ள மொகோதுவ், வோலா, ப்ராகானு 7 வட்டாரம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு கவுன்சில். சுத்தி இருக்கற 10 நகராட்சிக்கும் கவுன்சில், மொத்த நகரத்துக்கு ஒண்ணு, மாவட்டத்துக்கு ஒண்ணு. இதுல சென்ட்ரும் தலைவர்தான் நகர மேயரும். ஒரு ரோடு குண்டும் குழியுமா கிடந்தா யாரைப் போய்த் திட்டறதுன்னே தெரியாது, எனக்கென்னமோ கவுன்சிலருங்களைத் தவிர வேற யாருக்கும் இந்த ஏற்பாடு பிடிச்சிருக்காதுன்னு தோணுது.

2002 மார்ச்ல புதுச் சட்டம் போட்டாங்க, அக்டோபர் 27ல அமலாச்சு, 11 நகராட்சியும் மாவட்டமும் ஒரே நகரமா கரைஞ்சு போச்சு. பக்கத்துல மின்ஸ்க் மாவட்டத்துல (பெலாரஸ் தலைநகர் மின்ஸ்க் இல்ல, இது போலந்துலயே இருக்கறது) இருந்த வெசோவாங்கற ஊரையும் இழுத்துப் போட்டு 18 வட்டாரம் ஆக்கினாங்க. அந்த வருஷம்தான் போலந்து முழுக்க மேயரை ஜனங்களே நேரடியா தேர்ந்தெடுக்க ஆரம்பிச்சாங்க, வார்சால ஜெயிச்சவர் லெஹ் கச்சின்ஸ்கி, பின்னாடி நாட்டு அதிபரே ஆனாரே, அவரேதான்.

கேள்வி (அதே வாசகர்): ஆனா மேப்ல இன்னும் வார்சா மேற்கு மாவட்டம்னு காட்டுதே?

பதில்: அது வேற இது வேற. அது நகரத்துக்கு வெளிய மேற்குப் பக்கம் இருக்கற ஊர்களுக்கானது, தலைமையிடம் ஒஷாருவ் மசோவியெத்ஸ்கி, இன்னிக்கும் இருக்கு. இரண்டாம் உலகப் போருக்கு முன்னாடியும் வார்சா மாவட்டம்னு ஒண்ணு இருந்துச்சு, அதுவும் நகரத்தைச் சுத்தின பகுதிதான், நகரம் தனிக் கணக்கு. பழைய பிறப்பு, கல்யாணப் பதிவு தேடறவங்க பேரை மட்டும் பாக்காம வருஷத்தையும் பாத்துக்கங்க, இல்லாட்டி தப்பான ஆபீஸ் வாசல்ல போய் நிப்பீங்க.