கடிதம் கொடுங்கள், திங்கட்கிழமை வேண்டாம்

கேள்வி: கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நாலு வருஷம் ஏழு மாதமாக வேலை பார்க்கிறேன். மேலாளர் எல்லார் முன்னாலும் கத்துகிறார். ஞாயிற்றுக்கிழமையும் போன் வருகிறது. அடிப்படைச் சம்பளம் 24,000. கைக்கு வருவது 41,000. வீட்டுக்கடன் தவணை 14,500. மனைவி வேலைக்குப் போகவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை நோய். நோட்டீஸ் காலம் இரண்டு மாதம். வரும் திங்கட்கிழமை ராஜினாமா கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். சரிதானே?
– பெயர் வேண்டாம், கோவை.

பதில்: சரியில்லை. அந்த வேலையை நீங்கள் விடத்தான் வேண்டும்; நாள் குறித்ததுதான் தப்பு.

பணிக்கொடை (கிராஜுவிட்டி, வேலையை விடும்போது நிறுவனம் தரும் மொத்தத் தொகை) கிடைக்க ஐந்து வருடத் தொடர் பணி வேண்டும். உங்கள் 24,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஐந்தால் பெருக்குங்கள்: 69,230 ரூபாய். ஏறக்குறைய ஐந்து மாத வீட்டுத் தவணை. ஐந்தாவது வருடத்தில் 240 நாள் முடித்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. ஆனால் அதை ஏற்காமல் இழுத்தடிக்கும் நிறுவனங்கள் நிறைய. கையில் ஐந்து மாதத்தில் வரப்போகும் பணத்துக்கு எதற்குத் தொழிலாளர் துறை அலுவலகப் படியேற வேண்டும்?

நோட்டீஸ் காலமும் பணிக்காலம்தான். அதனால் மூன்று மாதம் கழித்துக் கடிதம் கொடுத்தால் ஐந்து வருடம் சரியாக முடியும் என்று கணக்குப் போடத் தோன்றும். அதற்குமுன் நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். ‘நோட்டீஸ் காலச் சம்பளத்தைக் கொடுத்து நிறுவனம் உடனே விடுவிக்கலாம்’ என்ற வரி இருந்தால், கொடுத்த அன்றே உங்களை அனுப்பிவிட முடியும். ஐந்து வருடம் நிறையாது. அந்த வரி இருந்தால், ஐந்து வருடம் முடிந்த மறுநாள் கொடுங்கள்.

இந்த ஐந்து மாதத்தைச் சும்மா பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டாதீர்கள். முதல் வேலை, அம்மாவின் மருத்துவக் காப்பீடு. அலுவலகக் குழுக் காப்பீட்டில் அவர் இருந்தால், பெரும்பாலும் உங்கள் கடைசி வேலை நாளோடு அது போய்விடும். வெளியே புதிதாக எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். வேலையில் இருக்கும்போதே அதே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி, தனிநபர் பாலிசிக்கு மாற்றித் தரக் கேளுங்கள். குழுவில் இருந்த காலம் காத்திருப்பில் கழியும். சர்க்கரை நோயை மறைக்காதீர்கள். மறைத்தால், பணம் கேட்கும் அன்று மொத்தமாக மறுத்துவிடுவார்கள்.

அடுத்தது பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி). உங்கள் யு.ஏ.என். எண்ணோடு (எத்தனை நிறுவனம் மாறினாலும் மாறாத பி.எஃப். அடையாள எண்) இருப்பது சொந்தக் கைபேசி எண்தானா, பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள். ஓர் எழுத்துப் பிழைகூடப் பணத்தை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கலாம். சம்பளச் சீட்டு, சம்பள உயர்வுக் கடிதம், படிவம் 16 (சம்பளத்தில் பிடித்த வருமான வரிக்கான சான்று) எல்லாவற்றையும் சொந்த மின்னஞ்சலுக்கு இறக்கிக்கொள்ளுங்கள். கடைசி நாளன்று கடவுச்சொல் வேலை செய்யாது. நிறுவனத்தின் கோப்பு ஒன்றைக்கூடத் தொடாதீர்கள், கணக்குப் பிரிவில் இருப்பவர் அதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

கடைசி மாதச் சம்பளத்தைக் கணக்கு முடிக்கும்வரை நிறுத்திவைப்பது பல இடங்களில் வழக்கம். அதனால் கையிருப்பு எவ்வளவு வேண்டும் என்பதை அந்த மாதத்திலிருந்தே எண்ணுங்கள். வீட்டுச் செலவும் தவணையும் சேர்ந்து 35,000 என்றால், ஆறு மாதத்துக்கு 2,10,000. அது சேரவில்லை, வேறு வேலையும் கையில் இல்லை என்றால் விடாதீர்கள்.

வேறு இடத்தில் ‘நீங்கதான் சார், வந்துடுங்க’ என்று போனில் சொன்னதை நம்பிக் கடிதம் கொடுப்பவர்கள்தான் நடுத்தெருவில் நிற்கிறார்கள். சம்பளப் பிரிப்போடு எழுத்தில் வரட்டும். ஆண்டுக்கு ஏழு லட்சம் என்பார்கள். அதற்குள் நிறுவனம் கட்டும் பி.எஃப்., அடிப்படையில் 4.81 சதவீதம் பணிக்கொடை, கிடைக்குமோ கிடைக்காதோ என்ற ஊக்கத்தொகை எல்லாம் அடங்கியிருக்கும். மாதம் கைக்கு எவ்வளவு என்று கேட்டு, உங்கள் 41,000-ஓடு ஒப்பிடுங்கள்.

ராஜினாமாவை மூன்றே வரியில், மின்னஞ்சலில், கடைசி வேலை நாளைக் குறிப்பிட்டு அனுப்புங்கள். மேலாளரைப் பற்றி ஒரு சொல் வேண்டாம்; அந்தக் கடிதம் கோப்பில் தங்கும், மேலாளர் மாறிப்போவார். ஏற்றுக்கொண்டதாகப் பதில் எழுத்தில் வராவிட்டால் மூன்றாம் நாள் நினைவூட்டுங்கள். சொல்லாமல் நின்றுவிடும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். பணியிலிருந்து விடுவித்த கடிதம் (ரிலீவிங் லெட்டர்) வராது, புதிய இடத்தில் முதலில் கேட்பதே அதைத்தான்.

வெளியே வந்ததும் பி.எஃப். பணத்தை எடுத்துவிடாமல் புதிய கணக்குக்கு மாற்றுங்கள். அதிலுள்ள ஓய்வூதியப் பங்கை எடுத்துவிட்டால், மாத ஓய்வூதியத்துக்கு வேண்டிய பத்து வருடத் தகுதிக்கு இதுவரை சேர்ந்த காலம் அழிந்துவிடும். பழைய நிறுவனம் வெளியேறிய தேதியைப் பதியாமல் விட்டால் மாற்றம் நடக்காது. கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனதும் இணையதளத்தில் நீங்களே பதிந்துகொள்ளலாம்.