ஜெனீவா ஆரியானா: இரண்டு மணி நேரத்தில் எதைப் பார்ப்பது?

மட்டக்களப்பு வாசகி ஒருவரின் கேள்வி: அம்மாவுடன் பேர்னிலுள்ள தங்கை வீட்டுக்குப் போகிறேன். ஜெனீவாவில் ஆரியானா மட்பாண்ட அருங்காட்சியகத்தைப் பார்க்க ஆசை. அம்மாவால் அதிகம் நடக்க முடியாது. இரண்டு மணி நேரம் போதுமா?

தாராளமாகப் போதும், எல்லாவற்றையும் பார்த்துவிட நினைக்காவிட்டால். 20,000க்கும் அதிகமான பொருள்கள் கொண்ட சேகரிப்பு அது.

கொர்னவன் ரயில் நிலையத்திலிருந்து 15ஆம் இலக்க டிராமில் ஏறி 'நாசியோன்' தரிப்பிடத்தில் இறங்குங்கள். கால் உடைந்த பெரிய மர நாற்காலி நிற்கும் ஐ.நா. சதுக்கம் அதுதான்; நம்மவர்கள் பதாகைகளோடு நிற்பதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அருங்காட்சியகம் அங்கிருந்து சில நிமிட நடை. திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலை 10 முதல் மாலை 6 வரை. நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை.

குஸ்தாவ் ரெவியோ என்ற செல்வந்தர் 1877 முதல் 1884 வரை கட்டி, தாய் அரியானின் பெயரைச் சூட்டிய மாளிகை இது. உள்ளே போனதும் மேலே பாருங்கள்: முட்டை வடிவக் குவிமாடம்.

பிறகு நேரே ஐரோப்பிய 'ஃபையான்ஸ்' பாண்டங்களிடம் போங்கள். நாம் எல்லாவற்றையும் பீங்கான் என்றுவிடுகிறோம். இவை பீங்கான் அல்ல. சாதாரணக் களிமண்ணைச் சுட்டு, வெள்ளீயம் கலந்த வெண்பூச்சுப் பூசியவை. விளிம்பு சிதைந்த ஒரு தட்டைத் தேடிப் பிடித்து, குனிந்து பாருங்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் மண்ணின் நிறம் தெரியும். நம் தயிர் முட்டி உடைந்தால் தெரிவதும் அந்த மண்தான். சீனப் பீங்கான் அப்படியல்ல. கயோலின் என்னும் வெண்களிமண்ணில் செய்து, ஏறத்தாழ 1,300 பாகை செல்சியஸில் சுடுவதால் உடைந்த இடமும் வெள்ளைதான்.

அந்த வித்தை ஐரோப்பாவுக்கு நெடுங்காலம் பிடிபடவில்லை. ஜெர்மனியின் மைசன் பட்டறையே 1710இல்தான் தொடங்கியது. அதற்கு முன்பு ஒல்லாந்தர் சீனத்து நீல வெள்ளைப் பாண்டங்களைக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோனார்கள்; டெல்ஃப்ட் நகரக் குயவர்கள் அவற்றைப் பார்த்து ஃபையான்ஸில் செய்தார்கள். 1638இல் நம் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தவர்களும் அதே ஒல்லாந்தர்தாம். சீனத் தட்டையும் டெல்ஃப்ட் தட்டையும் மாறி மாறிப் பாருங்கள். இதற்கே ஒரு மணி நேரம் கொடுக்கலாம் என்பேன்.

மிச்ச நேரத்தில், ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள நியோன் ஊரில் 1781 முதல் 1813 வரை செய்த பீங்கான் கோப்பைகள். மற்றதை விட்டுவிடலாம்.

அம்மா களைத்தால் பூங்காவில் அமரட்டும். தன் நிலத்தில் மயில்கள் உலவ வேண்டும் என்பது ரெவியோவின் விருப்பம். பக்கத்து ஐ.நா. வளாகத்தில் அவை இன்றும் உலவுகின்றன. படுவான்கரை வயல்களில் கேட்ட அதே அகவலை அம்மா அங்கேயும் கேட்கக்கூடும்.