சீல் மாற்றியும் ஒழுகுகிறதா? ஃபோர்க்லிஃப்ட் கேள்வி பதில்

மலேசியாவின் குளுவாங் வட்டாரத் தோட்டங்களிலும் செம்பனை ஆலைகளிலும் வேலை செய்பவர்கள் ஃபோர்க்லிஃப்ட் என்ற சுமை தூக்கும் வண்டியின் தூக்கும் சிலிண்டரை (எண்ணெய் அழுத்தத்தால் சுமையை உயர்த்தும் உருளையை) பற்றிக் கேட்டவை இவை.

அண்ணே, எங்கள் உரக் கொட்டகை ஃபோர்க்லிஃப்டுக்கு டிசம்பரில்தான் சிலிண்டரில் எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் சீல் போட்டோம். மூன்றே மாதத்தில் மறுபடி ஒழுகுகிறது. சீல் மட்டமா?

சீலைக் குறை சொல்வதற்கு முன் சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் தண்டைப் பாருங்கள், தம்பி. சுமை இல்லாமல் மாஸ்ட்டை (வண்டியின் முன்னால் நிற்கும் தூக்குச் சட்டத்தை) உயர்த்தி, இறங்காதபடி தாங்குகட்டை கொடுத்து, இன்ஜினை அணையுங்கள். தண்டைத் துடைத்துவிட்டு நகத்தால் மெல்ல வருடிப் பாருங்கள். கடுகளவு பள்ளம் இருந்தாலும் நகம் மாட்டும். உரக் கொட்டகை என்றாலே பொட்டாஷ் தூள் பறக்கும். அது குளோரைடு உப்பு. நம் ஊர் ஈரத்தில் கசிந்து, குரோம் பூச்சின் மயிரிழை விரிசல்களில் இறங்கி, அடியில் இருக்கும் இரும்பை அரிக்கும். குரோம் பெயர்ந்த இடம் அரம் மாதிரி. தண்டு ஏறி இறங்கும்போதெல்லாம் புது சீலின் உதட்டை அறுக்கும். அந்தத் தண்டுக்கு மறுபடி குரோம் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் மாற்ற வேண்டும். அதைச் செய்யாமல் சீல் வாங்குவது காசுக்குக் கேடு.

அப்புறம், வேலை முடிந்ததும் ஃபோர்க்கை (சுமை தாங்கும் முள்கரங்களை) தரை வரை இறக்கிவிடுங்கள். தண்டு சிலிண்டருக்குள் பத்திரமாக இருக்கும்.

வெளியே ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. ஆனால் தூக்கிய சுமை தானாக இறங்குகிறது. சிலிண்டரா, வால்வா?

முழுச் சுமையில் பத்து நிமிடத்துக்கு 100 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கினால் கட்டாயம் கவனிக்க வேண்டும். சிலிண்டர் தலையிலிருந்து தொட்டிக்குத் திரும்பும் சிறு குழாய் உங்கள் வண்டியில் இருந்தால் சோதனை சுலபம். ஃபோர்க் தரையில் இருக்கும்போதே அதைக் கழற்றி, நுனியை ஒரு டின்னில் விடுங்கள். பிறகு சுமையைக் கொஞ்சம் தூக்கி நிறுத்துங்கள். அடியில் யாரும் நிற்கக்கூடாது. தூக்கும்போது வரும் எண்ணெய் கணக்கில்லை. நின்ற பிறகும் வழிந்துகொண்டே இருந்தால் சிலிண்டருக்கு உள்ளே இருக்கும் பிஸ்டன் சீல் போய்விட்டது. எண்ணெய் வராமலே சுமை இறங்கினால், எண்ணெய் ஓட்டத்தைத் திறந்து மூடும் கன்ட்ரோல் வால்வைப் பாருங்கள். பலர் இதைப் பார்க்காமலே சிலிண்டரைப் பிரித்து ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

விட்டு விட்டு, உதறி உதறி ஏறுகிறது, அண்ணே.

எண்ணெய் குறைவு, அல்லது காற்று. ஃபோர்க்கை இறக்கிவைத்து அளவு பாருங்கள். நுரைத்திருந்தால் பம்புக்குப் போகும் உறிஞ்சு குழாய் எங்கோ காற்றை இழுக்கிறது. பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, முழுதும் மாற்றுங்கள்.

குழாயில் ஊசித்துளை போல ஒரு கசிவு. கையை வைத்துத் தடவிப் பார்த்தால் தெரியுமா?

வேண்டாம், தம்பி! அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே பாயும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட இருக்காது. அப்படி ஆகிவிட்டால் களிம்பு தடவிக்கொண்டு காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போய், ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே பாய்ந்துவிட்டது என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரும்.