கேள்வி – பதில்: பட்டா சுல்தான் பெயரில், அனுபவம் அயலார் கையில்

கேள்வி: துருக்கியின் உஸ்மானியப் பேரரசை 'ஐரோப்பாவின் நோயாளி' என்று படித்திருக்கிறேன். மூன்று கண்டங்களில் பரந்து கிடந்த அந்த ஆட்சி, போர்க்களத்தில் தோற்றுத்தான் அத்தனை நிலத்தையும் இழந்ததா?

பதில்: நோயாளி என்று முதலில் சொன்னவராக அறியப்படுபவர் ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கலஸ். 1853இல் பிரிட்டிஷ் தூதரிடம், நோயாளியின் சொத்தை என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருந்தபோது வந்த சொல் அது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

தோற்றுப் பறிகொடுத்தது உண்டு. 1683இல் வியன்னா முற்றுகை முறிந்து, தொடர்ந்த போர்களுக்குப் பின் 1699இல் கையெழுத்தான கார்லோவிட்ஸ் உடன்படிக்கையால் ஹங்கேரியின் பெரும்பகுதி ஆஸ்திரியாவிடம் போனது. 1912-13 பால்கன் போர்களில் ஐரோப்பாவில் மிஞ்சியிருந்ததில் பெரும்பகுதியும் போயிற்று. ஆனால் இடையில் நடந்த இழப்புகள் பலவற்றின் விதமே வேறு. நம் ஊர் நிலத் தகராறு மொழியில் சொல்வதானால், பட்டா சுல்தான் பெயரிலேயே இருக்கும், அனுபவம் மட்டும் அடுத்தவருக்குப் போய்விடும். 1774இல் கிரிமியா 'சுதந்திரம்' பெற்றபோது அங்குள்ள முஸ்லிம்களின் சமயத் தலைமை சுல்தானுக்கு விடப்பட்டது. ஒன்பதே ஆண்டுகளில் ரஷ்யா அதை இணைத்துக்கொண்டது. 1878இல் ஆஸ்திரியா-ஹங்கேரியின் படை புகுந்த போஸ்னியா, 1908 வரை ஏட்டளவில் சுல்தானுடையதுதான். 1882இல் பிரிட்டிஷ் படை பிடித்த எகிப்து 1914 வரை அப்படியே இருந்தது.

இவற்றுள் நுணுக்கமானது சைப்ரஸ் கதை. 1878இல் ரஷ்யப் படை இஸ்தான்புல்லின் வாசல்வரை வந்துவிட்ட நிலையில், ஆசியப் பகுதிகளை ரஷ்யாவிடமிருந்து காப்பதாக வாக்களித்து, அதற்கு ஈடாக அந்தத் தீவின் நிர்வாகத்தை பிரிட்டன் வாங்கிக்கொண்டது. தீவின் வருவாயில் செலவு போக மிஞ்சுவதை சுல்தானுக்கு ஆண்டுதோறும் கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. தொகை 92,799 பவுன் 11 ஷில்லிங் 3 பென்ஸ் என்று பென்ஸ் வரை கணக்கிடப்பட்டது. அந்தப் பணம் இஸ்தான்புல்லுக்குப் போகவில்லை. ரஷ்யாவுக்கு எதிரான கிரிமியப் போருக்காக 1855இல் பிரிட்டனும் பிரான்சும் ஜாமீன் நிற்க துருக்கி வாங்கிய கடனுக்கு வட்டியாகத் திருப்பிவிடப்பட்டது. சைப்ரஸ் விவசாயி கட்டிய வரி, சுல்தான் வாங்கிய கடனுக்காக, லண்டனிலும் பாரிசிலும் பத்திரம் வைத்திருந்தவர்களைப் போய்ச் சேர்ந்தது. 1914 நவம்பரில் துருக்கியோடு போர் மூண்டதும் பட்டாவும் பிரிட்டனுக்கு மாறியது.

கடன்தான் படையைவிட ஆழமாகப் புகுந்தது என்பது என் எண்ணம். 1875இல் வட்டியை முழுதாகக் கட்ட முடியாமல் போன அரசு, 1881இல் உப்பு, புகையிலை, பட்டு, மது, மீன், முத்திரைத்தாள் ஆகியவற்றின் வருவாயை கடன் கொடுத்த வெளிநாட்டாரின் பிரதிநிதிகள் அமர்ந்த கடன் நிர்வாகத்திடம் ஒப்படைத்தது. பிறகும் பேரரசு நாற்பது ஆண்டுகள் நின்றதற்கு, அதை முழுதாக விழுங்க ஐரோப்பிய வல்லரசுகள் ஒன்றையொன்று விடாததும், அந்தப் போட்டியைச் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது சாமர்த்தியமாகப் பயன்படுத்தியதும் முக்கியக் காரணங்கள்.

கேள்வி: ரஷ்ய-துருக்கிப் போருக்குப் பின் வல்லரசுகள் பால்கன் நிலங்களைப் பங்கிட்ட 1878 பெர்லின் உடன்படிக்கையில் ஒரு தீவையே மறந்துவிட்டார்கள் என்பது உண்மையா?

பதில்: உண்மைதான். டான்யூப் ஆற்றின் நடுவே, இரண்டு கிலோமீட்டர் நீளம்கூட இல்லாத அடா காலே என்ற தீவு அது. சுற்றியிருந்த நிலமெல்லாம் கைமாற, துருக்கியர் வாழ்ந்த இந்தத் தீவின் பெயர் உடன்படிக்கையில் இடம்பெறவே இல்லை. ஆஸ்திரியா-ஹங்கேரியின் காவல்படை அங்கே நின்றது. தீவோ சட்டப்படி சுல்தானுடையது. முதல் உலகப் போருக்குப் பின் துருக்கியோடு செய்துகொண்ட 1923 லோசான் சமாதான உடன்படிக்கைக்குப் பிறகுதான் அது முறைப்படி ருமேனியாவுடையதாயிற்று. பின்னர் இரும்பு வாயில் அணை கட்டப்பட்டபோது தீவே நீரில் மூழ்கிவிட்டது; அங்கிருந்த பள்ளிவாசலின் பெரிய கம்பளம் கருங்கடல் கரையில் கொன்ஸ்தான்சா நகரத்துப் பள்ளிவாசலுக்குப் போய்ச் சேர்ந்தது.