பழைய பாணிப் பந்தயப் படகு: அடித்தட்டின் கடைசி நான்கு அடி

வெள்ளவத்தையிலிருந்து எழுதியிருக்கும் வாசகருக்கு வயது 57, எடை 82 கிலோ. இருபதுகளில் பொல்கொட வாவியில் அவுட்போர்ட் (பின்பக்கம் வெளியே பூட்டும் எஞ்சின்) படகு ஓட்டியவர். அவருடைய தந்தையார் விட்டுச்சென்ற மேர்க்குரி நிறுவனத்தின் கேஜி-7 என்ற பழைய அவுட்போர்ட் எஞ்சின் முப்பது ஆண்டுகளாக வீட்டுக் களஞ்சிய அறையில் கிடக்கிறது. அதைப் பூட்டி ஓட்ட, 1950களின் பாணியில் மரப்படகு ஒன்றைத் தாமே கட்ட விரும்புகிறார். எஞ்சினை முதலில் பார்ப்பதா, படகை முதலில் கட்டுவதா, மிதவைகளில் எழும்பி ஓடும் ஹைட்ரோபிளேனா, ஒரே அடித்தட்டில் ஓடும் ரன்அபவுட்டா, எந்தப் பலகை வாங்குவது என்பவை அவருடைய கேள்விகள்.

எஞ்சினை ஒரு வார இறுதியில் சோதித்துவிட்டு, அதன் பிறகு உங்கள் நேரம் முழுவதையும் படகின் அடித்தட்டுக்குக் கொடுங்கள் என்பதே என் ஆலோசனை. கேஜி-7 இரண்டு சிலிண்டரும் ஏறத்தாழ 20 கன அங்குலக் கொள்ளளவும் கொண்ட எஞ்சின். 10 குதிரைவலு என்று விற்கப்பட்டாலும் உண்மையில் அதைவிடக் கணிசமாகக் கூடுதலாகவே தரும் என்பதால்தான் அக்காலப் பந்தயக்காரர்கள் அதை நாடினார்கள். அந்த வலுவைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்த அடித்தட்டு இல்லாவிட்டால், எவ்வளவு அருமையாகச் செப்பனிட்ட எஞ்சினும் தண்ணீரை உழுதுகொண்டுதான் போகும்.

எஞ்சினைப் பொறுத்தவரை, ஆர்வத்தில் ஸ்டார்ட் கயிற்றை இழுத்துவிடாதீர்கள். முப்பது ஆண்டுகள் அசையாதிருந்த பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருக்கக்கூடும். பிளக்குகளைக் கழற்றி, மெல்லிய எண்ணெயை ஊற்றி, ஒரு நாள் ஊறவிட்டு, பறப்புச் சில்லை (எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரத்தை) கையால் மெதுவாகத் திருப்புங்கள். தடையின்றிச் சுற்றினால் இரு சிலிண்டர்களின் அமுக்கத்தையும் அளந்து பாருங்கள். பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எஞ்சினைத் திறக்க வேண்டியிருக்கும். பிளக்குகளுக்கு மின்பொறி தரும் காயில்களின் மேலுறை வெடித்திருந்தால் அவற்றை மாற்றியே ஆக வேண்டும். கார் உதிரிப்பாகங்களுக்குப் பஞ்சிகாவத்தை போதும். ஆனால் பழைய அவுட்போர்ட்டின் மனநிலை தெரிந்த கைகளை முகத்துவாரத்திலோ நீர்கொழும்பிலோ மீனவர் எஞ்சின் திருத்துபவர்களிடம்தான் தேட வேண்டும். அவர்களிடம் பெற்றோலில் சேர்க்கும் எண்ணெயின் அளவை மட்டும் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். இன்றைய எஞ்சின்களுக்கு அவர்கள் வழக்கமாகச் சேர்க்கும் 50க்கு 1 என்ற அளவு உங்கள் எஞ்சினைக் கொன்றுவிடும். 16 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு எண்ணெயில் தொடங்குங்கள், 24ஐத் தாண்டாதீர்கள். பெற்றோல் ஒக்டேன் 92 போதும்.

ஹைட்ரோபிளேன் என்ற கனவைச் சற்றுத் தள்ளிவையுங்கள். முன்னால் இரு பக்கமும் துருத்தி நிற்கும் மிதவைகளும் பின்பகுதியும் மட்டுமே தண்ணீரைத் தொட, நடுவில் சிக்கும் காற்றின் மேல் ஓடும் அந்தப் படகு வேகமானது. ஆனால் எதிர்க்காற்று மூக்கின் கீழ் புகுந்து தூக்கினால் எச்சரிக்கையே இல்லாமல் பின்னோக்கிக் கவிழும். ஒரே தொடர்ச்சியான அடித்தட்டுக் கொண்ட ரன்அபவுட், தவறு நேர்வதற்கு முன் குதித்துக் காட்டும், ஆடிக் காட்டும். பல ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வருபவருக்கு அந்த எச்சரிக்கை தேவை. உங்கள் எடைக்கு 12 அடிக்குக் குறையாமல் கட்டுங்கள். எஞ்சின் பூட்டப்படும் பின்பலகையின் உயரத்தை, பலகையை வெட்டுவதற்கு முன் உங்கள் எஞ்சினிலேயே அளந்து முடிவுசெய்யுங்கள். குட்டைத் தண்டு எஞ்சின்களுக்குப் பொதுவாக 15 அங்குலம் என்பது தொடக்கக் கணக்கு மட்டுமே.

இனி அடித்தட்டு. படகு முழு வேகத்தில் ஓடும்போது தண்ணீரில் நிற்பது பின்பக்கக் கடைசி நான்கு அடியளவுதான். அந்த நான்கு அடி முன்-பின்னாக நூல் பிடித்தாற்போல் நேராக இருக்க வேண்டும். பின்முனை கீழ்நோக்கிச் சற்றே வளைந்திருந்தால் பின்பகுதி தூக்கப்பட்டு மூக்கு தண்ணீரில் அமுங்கும். மேல்நோக்கி வளைந்திருந்தால் படகு தவளைபோல் தத்தித் தத்திப் போகும். ஆறடி நீள அலுமினிய நேர்விளிம்பை அடித்தட்டின் மேல் நிறுத்தி, மறுபக்கத்தில் ஒருவரை டோர்ச் பிடிக்கச் சொல்லி, இருட்டிய பிறகு பாருங்கள். ஒரு மில்லிமீற்றர் இடைவெளிகூட வெளிச்சக் கோடாகத் தெரியும்.

மொறட்டுவையில் நான் கட்டிய முதல் படகில் எல்லாம் சரியாக இருந்தும் வேகம் வரவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு மாதமாயிற்று. தளபாட வேலையில் ஊறிய தச்சு பாஸ், நான் இல்லாத நேரத்தில், அடித்தட்டும் பின்பலகையும் சந்திக்கும் விளிம்பை மணல்தாள் போட்டு அழகாக உருட்டிவிட்டிருந்தார். மேசைக்கு அது நேர்த்தி. படகில் அந்த விளிம்பு கத்திபோல் கூராக இருந்தால்தான் தண்ணீர் அங்கே சட்டென்று அறுந்து விலகும். உருண்டிருந்தால் ஒட்டிக்கொண்டு படகைப் பின்னால் இழுக்கும். இப்பொக்சிப் பசை நிரப்பி, அரம் கொண்டு மறுபடி சதுரமாக்கினோம். உங்கள் பாஸிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள். பக்கவாட்டு விளிம்பை மாத்திரம் சரிவாகச் சீவுங்கள். திருப்பத்தில் படகு தண்ணீரைக் கவ்விப் புரளாமல் வழுக்கிச் செல்ல அது உதவும்.

அடித்தட்டுக்கு 6 மில்லிமீற்றர், மேல்தளத்துக்கு 4 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட் போதும். பிஎஸ் 1088 என்ற பிரித்தானிய மரைன் பிளைவூட் தரத்திலான ஒக்கூமே என்ற இலேசான மரப் பலகை, 6 மில்லிமீற்றரில் எட்டுக்கு நான்கடித் தாள் ஒன்று ஏறத்தாழ 8 கிலோதான் இருக்கும். முத்திரையை மட்டும் நம்பாதீர்கள்: ஒரு கடையில் மரைன் என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட பலகை, கொதிநீரில் ஒரு மணிநேரத்தில் ஏடு ஏடாகப் பிரிந்தது. பணம் கொடுப்பதற்கு முன் ஒரு துண்டு வாங்கி வேகவைத்துப் பாருங்கள். உள்சட்டங்களுக்கு மலைவேம்பு, அதாவது சிங்களத்தில் லுனுமிதெல்ல, இலேசானது. எஞ்சினைத் தாங்கும் பின்பலகைக்கு மட்டும் மஹோகனி போன்ற உறுதியான மரம் வேண்டும்.

கொழும்பின் ஈரக்காற்றில், பலகையின் மேல் பூசும் இப்பொக்சி இறுகும்போது மேலே மெழுகுபோல் ஒரு படலம் படியும். அடுத்த பூச்சுக்கு முன் அதைத் தண்ணீரால் தேய்த்துக் கழுவாவிட்டால் பூச்சு உரிந்து வரும். மெதுவாக இறுகும் வகையை வாங்கி, காலையிலேயே வேலை செய்யுங்கள்.

முதல் ஓட்டத்துக்குப் பொல்கொடவில் காற்று எழும்புமுன் விடியற்காலையைத் தெரிவுசெய்யுங்கள். அது சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசம் என்பதால் ஓடக்கூடிய பகுதியை அங்குள்ள படகுக் கழகத்தில் முன்னரே கேட்டறியுங்கள். துணைக்கு இன்னொரு படகு நிற்கட்டும். எஞ்சினுக்குப் பந்தயக் கீழ்ப்பகுதி (விசிறியைச் சுழற்றும் பற்சக்கரப் பெட்டி) பூட்டினால் நியூட்ரல் கிடையாது. ஸ்டார்ட் ஆனவுடன் படகு நகரும். முழு முகத் தலைக்கவசமும் மிதவை அங்கியும் அணிந்து, எஞ்சினை நிறுத்தும் கயிற்றை மணிக்கட்டில் கட்டி, கைவிட்டால் தானே மூடிக்கொள்ளும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைத்திறப்பை இடக்கையில் பிடித்துக்கொள்ளுங்கள். முழங்காலிட்டு ஓட்ட வேண்டியிருக்கும். இப்போதிருந்தே தினமும் பத்து நிமிடம் தடித்த பஞ்சு மெத்தையில் முழங்காலிட்டுப் பழகுங்கள். முதல் நாள் அரை வேகத்துக்கு மேல் போகாமல் கரைக்கு வந்து பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள்: நுனி இளம் பழுப்பாக இருந்தால் மறுநாள் வேகத்தைக் கூட்டலாம், வெள்ளையாக இருந்தால் காபுரேற்றரைச் சரிசெய்யாமல் மீண்டும் இறக்க வேண்டாம்.