ஐந்தரைக் கட்டையும் ஒரு கட்டையும்

அன்புள்ள ஐயா,

கிருஷ்ணகிரி மாவட்ட அரசு இசைப்பள்ளியில் பாட்டு தொடங்கி, இசையில் எம்.ஏ. முடித்திருக்கிறேன். அடுத்து முனைவர் பட்டம். இசையியல் பேராசிரியராகவும் வேண்டும், மேடையிலும் பாட வேண்டும். "இயல் (இசைக் கோட்பாடு) சொல்லிக்கொடுத்தால் குரல் போய்விடும், ஒன்றைப் பிடித்துக்கொள்" என்கிறார்கள். என் சுருதி (பாடும் ஆதார ஸ்வரத்தின் உயரம்) ஐந்தரைக் கட்டை. இரண்டும் முடியுமா?

ஒரு வாசகி, கிருஷ்ணகிரி

அன்புள்ள வாசகிக்கு,

முடியும். பாடகர் எஸ். ராமநாதன் சிலப்பதிகார இசையை ஆராய்ந்தபடியே கச்சேரி பாடினார். டி. விஸ்வநாதன் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டே புல்லாங்குழல் வாசித்தார். ஆனாலும் உங்களை எச்சரித்தவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. குரலைக் கெடுப்பது இயல் அல்ல, வகுப்பில் பாடிக்காட்டும் விதம்.

வகுப்பில் பையன்களுக்காகத் தம்புராவை அவர்கள் சுருதியான ஒரு கட்டையில் வைத்து, நீங்கள் ஒரு ஸ்தாயி மேலே பாடிக்காட்டுவீர்கள். அப்படிப் பாடும்போது வரும் தாரஸ்தாயி (மேல் ஸ்தாயி) சாதாரண காந்தாரம்தான் உங்கள் சொந்தச் சுருதியின் தாரஸ்தாயி பஞ்சமம். அதற்கு மேலே ஒவ்வொரு ஸ்வரமும் தொண்டையை இறுக்கித்தான் வரும். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு. காலையில் சாதகம் (குரல் பயிற்சி) செய்யாத குரலோடு அதைச் செய்தால் இரண்டு பருவம் தாங்காது. நீங்கள் ஐந்தரையிலேயே பாடிக்காட்டுங்கள். பிறகு தம்புராவை மாற்றி, நன்றாகப் பாடும் ஒரு பையனைப் பாடவிட்டு, வாயால் திருத்துங்கள். வயலின் தெரிந்தால் இன்னும் நல்லது.

இன்னொரு கேடு மெதுவாக வரும். தோடி ராகத்தின் காந்தாரம் ('க' ஸ்வரம்) ஏட்டில் சாதாரண காந்தாரம். பாடும்போது அது ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைகிறது. அதை விளக்க ஒரு சங்கதியை (சிறு இசைத் தொடரை)ப் பாடி நிறுத்துவீர்கள், பேசுவீர்கள், மறுபடி பாடுவீர்கள். சில வருடங்களில் மேடையிலும் ஆலாபனை துண்டு துண்டாக வரத் தொடங்கும். வாரத்தில் மூன்று நாளாவது ஒன்றரை மணி நேரம் நிறுத்தாமல் பாடிப் பதிவு செய்து கேளுங்கள். இதை விடவே கூடாது.

வேலையைப் பற்றிச் சுருக்கமாக: பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிகளில் கலைஞர்களுக்குத் தனி வழி உண்டு. பட்டத்தோடு, பெயர் பெற்ற குருவிடம் பயிற்சியும் வானொலியில் உயர்ந்த தரமும் கேட்பார்கள். நீங்கள் நெட் தகுதித் தேர்வு, முனைவர் பட்டம் என்று போனாலும் வானொலிக் குரல் தேர்வில் பாடித் தேறிவையுங்கள். சென்னை மார்கழிக் கச்சேரிகள் பருவத் தேர்வோடு மோதும். உங்கள் ஊரிலிருந்து பெங்களூர் சுமார் 90 கிலோமீட்டர்தான். அங்கே ராமநவமிக் கச்சேரிகள் வாரக்கணக்கில் நடக்கும். அதைப் பாருங்கள்.

ஆய்வுக்குப் பல்லவியை (ஒரே வரியைத் தாளக் கணக்கோடு விரித்துப் பாடுவதை) எடுக்கலாம் என்பது என் எண்ணம். தாளத்தை மாற்றாமல் ஒரு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) நீளமுள்ள பல்லவியைத் திஸ்ரத்தில், அதாவது ஒன்றரை மடங்கு வேகத்தில் பாடினால், இரண்டு ஆவர்த்தனத்தில் மூன்று முறை வந்து எடுப்பில் (தாளத்தில் பல்லவி தொடங்கும் இடத்தில்) சேரும். காகிதத்தில் இது ஒரு வரிக் கணக்கு. கையில் தாளம் போட்டுப் பாடும்போது இரண்டாம் முறையின் நடுவில்தான் பலருக்கும் எடுப்பு நழுவுகிறது. அங்கே ஏன் நழுவுகிறது என்பதை நீங்கள் பாடியே எழுத முடியும்.