எலியோடு வேலை என்றால் படிப்பு வீணா?

தலவாக்கலையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகள் உயர்தரம் உயிரியல் பிரிவில் படிக்கிறாள், மரபணுச் சிகிச்சை ஆராய்ச்சி என்கிறாள், "கடைசியில் எலிக்குத் தீனி போடவா இவ்வளவு படிப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த எலியிடம்தான் சிக்கலே இருக்கிறது. பெரும்பாலும் நோய் உண்டாக்காதபடி மாற்றிய வைரஸில் ஏற்றித்தான் நல்ல மரபணுவை உடம்புக்குள் அனுப்புகிறார்கள். உடம்போ வைரஸைக் கண்டால் சும்மா விடாது. 1999இல் அமெரிக்காவில் 18 வயது ஜெசி கெல்சிங்கர் இப்படியொரு பரிசோதனையில் இறந்துபோனார். அப்புறம் இரத்தம் சரியாக உறையாத ஹீமோபீலியா நோய்க்கு ஏஏவி என்ற வேறொரு வைரஸ் வந்தது. எலியிலும் நாயிலும் நீண்டகாலம் பலன் தந்த சிகிச்சை, மனிதரில் சில வாரங்களில் படுத்துவிட்டது. நம்மில் பலருக்குச் சிறுவயதிலேயே ஏஏவி தொற்றியிருக்கும். அந்த ஞாபகத்தில் நோயெதிர்ப்புச் செல்கள் சிகிச்சை ஏறிய ஈரல் செல்களை அழித்துவிட்டன. சுத்தமான கூட்டில் பிறந்து வளர்ந்த சுண்டெலிக்கு அந்த ஞாபகம் ஏது? எந்தக் கேள்வியை எந்த விலங்கிடம் கேட்பது என்பதே இன்று தனித் துறை.

வீட்டு மாடு அசைபோடாததைப் பார்த்தே காய்ச்சல் என்று மகள் சொல்லிவிடுவாள் என எழுதியிருந்தீர்கள். மயிர் சிலிர்த்து, முதுகு கூனி மூலையில் ஒதுங்கிய எலியைக் கவனிக்கவும் அதே கண்தான் வேண்டும்.

வழி என்று கேட்டால், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியம்தான் என் முதல் தெரிவு. ஆராய்ச்சி கைகூடாவிட்டாலும் மிருக வைத்தியர் தொழில் கையில் இருக்கும். நுவரெலியா மாவட்டத்துக்குப் பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஒதுக்கீடும் உண்டு; பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இஸட் புள்ளி கொழும்புப் பிள்ளைகளுக்கு எவ்வளவு என்று பார்த்துப் பயப்படாதீர்கள். படிப்பு ஆங்கிலத்தில், தமிழ் மொழிமூலப் பிள்ளை முதல் வருடம் திணறத்தான் செய்யும், இப்போதே வாசிக்கப் பழகட்டும். இந்த ஆராய்ச்சிக்குப் பெரும்பாலும் வெளிநாடு போக வேண்டிவரும். அதற்குப் புலமைப்பரிசில் தேடலாம், நகை அடகு வைக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் மகளிடம் மறைக்காதீர்கள். பரிசோதனை முடிந்ததும் அநேகமாக எலிகளைக் கொன்றுதான் உறுப்புகளைப் பார்ப்பார்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி, வலி தெரியாமல் செய்யும் முறை எல்லாம் உண்டு, ஆனாலும் செய்கிற கை அவளுடையது. லீவில் உங்கள் பகுதி மிருக வைத்தியரிடம் கேட்டு, நாலு நாள் கூடப் போய்ப் பார்க்கட்டும். இரத்தமும் சாணமும் பார்த்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால், சரி, பல்கலைக்கழக விண்ணப்பத்தில் மிருக வைத்தியத்தையே முதலாவதாகப் போடச் சொல்லுங்கள்.